கௌரவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதி முடித்ததும், சொல்லைக் கையால் மூடிக்கொண்டு பொருளை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்கிறவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பொருள் தேறியது. இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். கேட்கிறவர் அகராதிக்காரராக இருக்கவே கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. எந்தப் பேச்சையும் அந்த மனிதர் முற்றுப்புள்ளி வைத்து முடித்ததில்லை.

ஆகவே எங்கள் சொற்களுக்கெல்லாம் நீதிபதி, பக்கத்து அறையில் கணக்குப் பார்க்கும் அக்கா. அவரிடம் தேறுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ‘குடை’ ஒரே மூச்சில் தேறியது. ‘பொறாமை’ இரண்டாவது முயற்சியில். ‘கௌரவம்’தான் என்னைப் படுத்தி எடுத்தது.

“சமூகத்தில் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு,” என்று வாசித்தேன்.

“அந்தஸ்து.”

“இல்லக்கா.”

“செல்வாக்கு. பேரு. மரியாதை. போதுமா? எதையாவது ஒண்ண வச்சுக்கோ, என்னை விடு.”

மறுநாள் மாற்றி எழுதிக்கொண்டு போனேன். “தன்னைப் பற்றித் தானே கொண்டிருக்கும் உயர்ந்த எண்ணம்.”

“திமிரு,” என்றார் அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கமா என் தாளை வாங்கிப் பார்த்தார். “பொருள் வரலேன்னா விட்டுடு, எடுத்துக்காட்ட மொதல்ல புடி, அந்தச் சொல்லு எங்க பொழங்குதோ அங்க போய் நில்லு,” என்றார். மீதியை வழக்கம்போல் காற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி என்று எடுத்துக்காட்டுகளை எழுத உட்கார்ந்தேன். கௌரவ ஆசிரியர் என்றால் சம்பளம் இல்லாத ஆசிரியர். கௌரவத் தலைவர் என்றால் வேலை இல்லாத தலைவர். இந்த இரண்டையும் எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்து ‘கௌரவமான குடும்பம்’ என்று எழுதினேன். சிரிப்பு நின்றுவிட்டது. ‘வந்தவர்கள் முன்னால் கௌரவமாக நடந்துகொள்’ என்று எழுதினேன். பேனா என்னுடையது, குரல் அப்பாவுடையது. அந்தச் சொல் எங்கே புழங்கியது என்று தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டில்தான் அது தின்று கொழுத்தது.

எங்கள் வீட்டை ‘வாட்டர் எஞ்சினியர் வீடு’ என்றுதான் தெருவில் சொல்வார்கள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் அப்பா. ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும், வாசலைக் கடக்கிறவர்கள் ஒரு கையை நெற்றிவரை உயர்த்திவிட்டுத்தான் போவார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கைகளை வாங்கிக்கொள்வார்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. ‘அவளுக்கு உடம்பு சரியில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டுக்கு யாராவது வந்தால் அக்கா பின்னறைக்குப் போய்விட வேண்டும். அம்மா வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போடுவாள். பாவம், அதைச் சத்தமில்லாமல் போடுவதற்காக வாரம் ஒருமுறை எண்ணெய் வேறு விடுவாள்.

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டிய நாற்காலியில் நான் உட்காருவேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் மெதுவாகச் சத்தம் வரும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு தட்டு. ‘இருக்கியா?’ என்று அர்த்தம். நான் கையைப் பின்னால் கொண்டுபோய் விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். ‘இருக்கேன்.’ இது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பேச்சு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பிறகு நான் வெளியூர்க் கல்லூரிக்குப் போனேன். அந்த வருடமே அக்கா போய்விட்டாள். “மத்தியானம் படுத்தவ, தூக்கத்துலயே போயிட்டா,” என்றார்கள். அதற்கு மேல் கேட்டால் அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவத் தொடங்குவாள். அம்மாவும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவுக்குப் பிறகு அப்பா தனியாக இருந்தார். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். அதனால் நானும் என் மகளும் அப்பாவோடு வந்து இருந்துவிட்டோம். வந்த சில வாரங்களில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் வந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். சுவரில் சத்தம் கேட்டது. இரண்டு, இடைவெளி, ஒன்று.

பின்னறையில் யாரும் இல்லை. பழைய பெட்டிகளும் ஒரு கட்டிலும்தான் இருந்தன.

“குழாய்ல காத்து அடைச்சிருக்கு,” என்றார் அப்பா, நான் கேட்பதற்கு முன்பே.

குழாயைப் பற்றி வாட்டர் எஞ்சினியரிடம் வாதாடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நான் நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன். அதற்குப் பிறகு வேற்று ஆட்கள் யார் வந்தாலும் அந்தச் சத்தம் வந்தது. அவர்கள் போனதும் நின்றுவிடும். நாங்கள் மட்டும் இருக்கும் நாட்களில் எத்தனை நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் சுவர் சுவராகவே இருக்கும்.

போன வருடம் என் மகள் குட்டிக்கு வலிப்பு வந்தது. அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பந்து பிடிக்க ஓடியவள் அப்படியே விழுந்தாள். நல்ல டாக்டர், நல்ல மாத்திரை. “ஓடட்டும், ஆடட்டும், எதையும் நிறுத்த வேணாம். ஒளிச்சு மட்டும் வைக்காதீங்க,” என்றார் டாக்டர். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியாது. என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

குட்டி என்றால் அப்பாவுக்கு உயிர். ஆரஞ்சை உரித்து, சுளையின் மேல் இருக்கும் வெள்ளை நாரைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் கேட் சத்தம் கேட்டால் போதும், அவர் கண் முதலில் குட்டியைப் பார்க்கும், அடுத்து பின்னறைக்குப் போகும் நடையைப் பார்க்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் ‘கௌரவ’த்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் அப்பாவுக்கு ஒரு செய்தி வந்தது. ஊரில் கட்டிய புதிய நீரேற்று நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள். குடிநீர்ச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்து கேடயம் கொடுத்து மரியாதை செய்வார்களாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

“குட்டி அன்னைக்கு ஒருநாள் பின்னால ரூம்ல இருக்கட்டும்மா. ஒரு மணி நேரந்தான். அவ கலர் பென்சில் எல்லாம் அங்க வச்சுடலாம்.”

“தாழ்ப்பாளும் போடணுமாப்பா?”

அவர் முகம் சுருங்கியது. “நான் அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். நாலு பேர் பார்த்தா நானூறு பேர் பேசுவாங்க. நாளைக்கு அவளுக்கும் ஒரு கௌரவமான வாழ்க்கை வேணாமா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள், மேசையடியில் படம் வரைந்துகொண்டிருந்த குட்டி தலையை நீட்டினாள்.

“அங்க ஏற்கெனவே ஆள் இருக்கே, தாத்தா.”

அப்பாவின் கையில் இருந்த டம்ளரிலிருந்து டீ சட்டையில் தெறித்தது.

“யாருடா இருக்கா?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா. யாராச்சும் வந்தா தட்டுவாங்க. போன தடவ நான் திருப்பித் தட்டினேன். உடனே நின்னுடுச்சு. பாவம், பதில் வரணும்னுதான் தட்டுறாங்க போல.”

“எத்தன தடவ தட்டின?”

“ஒண்ணே ஒண்ணு.”

அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

“குழாய் சத்தம்டா செல்லம்,” என்றார் அப்பா. ஈரச் சட்டையோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம், ஒரு பிடிவாதத்தில், என் தாளை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். சொல்லை மூடி வாசித்தால் கண்டுபிடிப்பது அப்பாவுக்கு எப்போதும் பிடித்த விளையாட்டு.

“பிறர் ஒருவருக்குத் தரும் மதிப்பு.”

“மரியாதை,” என்றார் உற்சாகமாக.

“இழந்துவிடுவோமோ என்று ஒருவர் ஓயாமல் காவல் காக்கும் மதிப்பு.”

“மானம். சரியா?”

“இல்லப்பா. இதுக்குச் சொல்லுங்க. வந்தவர்கள் போகும்வரை, வீட்டிலுள்ள ஒருத்தி சத்தம் போடாமல் அடைந்து கிடப்பதால் மற்றவர்களுக்குக் கிடைப்பது.”

அது தாளில் இல்லை. என் வயிற்றிலிருந்து வந்தது. அப்பா என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். “தெரியலம்மா,” என்றார். தெரியாத மனிதரின் குரல் இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குட்டிக்கு மாத்திரை கொடுத்து, தலை வாரி, சுவரை ஒட்டிய என் பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டும் என்றுதான் நானும் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தேன். ஆனால் குட்டிக்கு இன்றைக்கு மட்டும் வலிப்பு வரக் கூடாதே, இவர்கள் முன்னால் வரக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவின் மகள்தானே நான் என்று நினைத்தபோது என்மேலேயே வெறுப்பு வந்தது.

நான்கு பேர் வந்தார்கள். சங்கத் தலைவர் கனத்த உடம்பு, கனத்த குரல். கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டே பேசத் தொடங்கினார். கௌரவம் என்ற சொல்லுக்கே எடுத்துக்காட்டு இந்த மனிதர் என்றார். கௌரவமான வேலை, கௌரவமான குடும்பம், கறை படாத கௌரவம் என்று அடுக்கினார். என் அகராதிக்கு அவர் ஒருவரே போதும் போலிருந்தது. அப்பா எதையும் கேட்கவில்லை. கண்ணை எடுக்காமல் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ ஒரு கவலையும் இல்லாமல் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போடும் விளையாட்டில் இருந்தாள்.

அப்போது சுவரில் சத்தம் வந்தது. இரண்டு, இடைவெளி, ஒன்று.

தலைவர் பேச்சை நிறுத்தினார். மறுபடியும் வந்தது, இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக.

“என்ன சார் இது, ஊருக்கே குழாய் போட்டவர் வீட்டுக் குழாய்லயே காத்தா?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்து, ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் முடிந்தது விஷயம்.

குட்டி பதில் தட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

“இரு,” என்றார் அப்பா. “தட்டாத. நான் கேக்கணும்.”

சத்தம் தொடர்ந்தது. முறை கெட்டது. இரண்டும் இல்லை ஒன்றும் இல்லை, சகட்டுமேனிக்கு, சுவரில் எதுவோ மோதிக்கொள்கிற மாதிரி. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திடீரென்று நின்றுபோனது.

“இந்த வீட்டு பிளான் நான் போட்டது,” என்றார் அப்பா. “அந்தச் சுவத்துல குழாயே கிடையாது.”

தலைவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அது என் மூத்த பொண்ணு. வலிப்பு இருந்துச்சு அவளுக்கு.” அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. “அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தோம். என் மேலதிகாரி வந்திருந்தார், எனக்குப் பதவி உயர்வு சொல்ல. முதல்ல மெதுவா தட்டினா. யாரும் பதிலுக்குத் தட்டல. அப்புறம் வந்தது தட்டறது இல்ல. காலோ, தலையோ, சுவத்துல அடிச்சுது. எனக்குத் தெரியும் அது என்னன்னு. அவர் ‘என்ன சத்தம்’னு கேட்டார். குழாய்ல காத்துன்னேன். டீ ஆறிடும், குடிங்கன்னேன். இவ அம்மா எந்திரிச்சா. நான் ஒரு பார்வை பார்த்தேன், உக்காந்துட்டா.”

தலைவர் கேடயத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. நின்னதும் எனக்கு, அப்பாடான்னு இருந்துச்சு.” அப்பாவின் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அவரை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். கேட்டைச் சாத்தினேன். அதுக்கப்புறந்தான் தாழ்ப்பாளத் திறந்தேன்.”

அவரை அடிக்க வேண்டும் போல் எனக்குக் கை துடித்தது. பெற்ற அப்பா என்றும் பார்க்காமல் அறைந்திருப்பேன். அதைவிட அதிகமாக, அந்த நாற்காலியில் அன்றைக்கு நான் இல்லாமல் போனேனே என்று நெஞ்சு வெடித்தது. நான் இருந்திருந்தால் முதல் தட்டுக்கே பதில் போயிருக்கும். அக்கா வலிப்பு வந்து கிடந்த நேரம் முழுவதும், பக்கத்து அறையில் அவளைப் பெற்றவர் டீயை ஆற விடாமல் குடித்திருக்கிறார்.

வந்தவர்கள் எழுந்தார்கள். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமல் தலைவர் கேடயத்தைத் தரையில், செருப்புப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குட்டி மட்டும், “டாட்டா அங்கிள்,” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில், கணக்கு அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பொருளை வாசிக்கவில்லை. எடுத்துக்காட்டை வாசித்தேன், சொல் வரும் இடத்தில் கையை வைத்து மூடிக்கொண்டு.

“மகள் சுவரைத் தட்டியும், அவர் டேஷ் பார்த்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.”

“கௌரவம்,” என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தலையை நிமிர்த்தினார். “யாருடி அந்தப் பாவி?”

கமா வந்து தாளை வாங்கிப் படித்தார். திருத்தவில்லை. “இது போதும்.” என்றார். அந்த ஒருமுறை அவர் வாக்கியம் முடிந்தது.

விஷயம் ஊரெல்லாம் பரவுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீரேற்று நிலையத்தைப் பெயர் வைக்காமலே திறந்தார்கள். வாசலைக் கடக்கிறவர்களுக்கு அந்த இடம் வந்ததும் கைப்பேசியில் அவசரமாக எதையோ பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய நண்பர்கள் யாரும் வருவதில்லை. அப்பா ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பின்னறைக் கதவின் தாழ்ப்பாளைத் தானே கழற்றி எறிந்தார். நான் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன், அவ்வளவுதான். மன்னிக்கிற மனது எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது காலையில் எழுந்ததும் சுவரை ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். மறுபடி ஒரு தட்டு. சுவர் சுவராகவே இருக்கும். ஒரு நாள் குட்டி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது இதைப் பார்த்துவிட்டாள்.

“தாத்தா, தப்பா தட்டுறீங்க. முதல்ல அவங்கதான் தட்டணும். அப்புறந்தான் நாம.”

“அவ எப்ப தட்டுவா?” அப்பா அதை ஒரு சிறு பையன் கேட்பதுபோல் கேட்டார்.

“வீட்டுக்கு யாராச்சும் வந்தாத்தான் தட்டுவாங்க,” என்றாள் குட்டி, ஷூவை மாட்டிக்கொண்டே.

அன்றிலிருந்து அப்பா விடிந்ததும் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிடுகிறார். மேசையில் நான்கு கப்புகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிடுகிறார். பார்சல் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்கிறவர், வழி தப்பி வந்து விலாசம் கேட்கிறவர், யாராயிருந்தாலும் சரி.

“உள்ள வாங்களேன், ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம். ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க, போதும்.”

“இருக்கட்டும் சார், நேரமாச்சு,” என்று சொல்லிக்கொண்டே அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அப்பா திரும்பி வந்து நாற்காலியில் உட்காருகிறார், விரல் முட்டியைச் சுவரில் தயாராக வைத்தபடி. வாசல் கதவை மட்டும் சாத்துவதில்லை.